பதினொரு மணிக்கு நண்பகல்

மேசையின் இரண்டாம் இழுப்பறை முழுதாகத் திறக்காது.
கைவிட்டுத் துழாவித்தான் இதை எடுத்திருப்பாய்.
துழாவுகிற ஆள் என்றால் பிழைத்துக்கொள்வாய்.

ஊரின் பெயர் ப்ர்னோ.
மூன்று மெய் கடந்துதான் ஓர் உயிர் வரும்.
மூச்சை மிச்சம் வைத்துக்கொள்.

முதலில் டிராம்.
டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது,
ஏறியதும் கம்பத்துப் பெட்டியின் வாயில் கொடுத்து
முத்திரை வாங்கவேண்டும்.
பரிசோதகருக்குச் சீருடை கிடையாது.
என்னைப் பிடித்தவர் கையில் ஒரு முட்டைக்கோஸ் இருந்தது.
அபராத ரசீதை நாலாக மடித்து
ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
எடுத்துவிடாதே, விலையுயர்ந்த முட்டு அது.

வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு விடியுமுன் போ.
விடுதி ஒப்பந்தத்தின் அசல் வேண்டும்.
நகல் அல்ல, அசல்.
நகலோடு போய்த் திரும்பியவர்கள் அன்று ஏழு பேர்.
எதிர்ச்சாரிக் கடையில் பூண்டு சூப் குடித்தோம்,
ஏழு மொழியில் திட்டினோம்.
இந்த ஊரில் எனக்குக் கிடைத்த நண்பர்கள்
அந்த ஏழில் மூன்று பேர்தான்.
யோசித்தால்,
நகலோடு போனாலும் பாதகமில்லை.

மலைமேல் பேராலயம். அதன் மணி
பதினொன்றுக்கே பன்னிரண்டு அடிக்கும்.
நண்பகலுக்குள் பிடிபடாவிட்டால் விட்டுப்போகிறேன் என்று
முற்றுகையிட்ட தளபதி ஒருவன் சொன்னானாம்.
ஊரார் ஒரு மணிநேரம் முந்தி அடித்துவிட்டார்களாம்.
படை போய் நூற்றாண்டுகள் ஆயிற்று,
பொய்யை மட்டும் தினமும் துடைத்து வைக்கிறார்கள்.
அதை நம்பிப் பல் மருத்துவரிடம் போய்
வலியோடு ஒரு மணிநேரம் கூடுதலாக உட்கார்ந்தேன்.
கைக்கடிகாரத்தை நம்பு.

கேன்டீன் சாப்பாட்டைப் பற்றி எழுதினால்
தாள் போதாது. உருண்டை. குழம்பு. உருண்டை.

இனி முக்கியமானது.
பெரிய எழுத்தில் எழுதியிருக்கவேண்டும்.
இவர்கள் 'நோ' என்றால் 'ஆமாம்' என்று பொருள்.

எனக்கு யாரும் சொல்லவில்லை.
அக்டோபர் கடைசியில் அறையின் ஹீட்டர் நின்றது.
கீழே வாயில் மேசையில் ஓல்ட்ரிக் இருப்பார்,
குறுக்கெழுத்திலிருந்து தலை தூக்காத மனிதர்.
குளிர்கிறது என்று நடுங்கிக் காட்டினேன்.
'நோ, நோ, நோ' என்றார்.
சரிபார்க்க ஆள் அனுப்புவீர்களா என்றேன்.
'நோ.'
படியேறி வந்து
கோட்டும் காலுறையும் போட்டு, இரண்டு தொப்பியோடு
பதினோரு இரவு படுத்தேன்.
எங்கள் ப்வேப்லாவில் இல்லை என்றால் இல்லைதான்,
அதையும் நாலு முறை மன்னிப்புக் கேட்டபின்தான் சொல்வோம்.
வீட்டுக்குப் பேசும்போது
இங்கே எல்லாரும் கல் என்றேன்.

நடுவில் சில காலைகளில் யாரோ கதவைத் தட்டினார்கள்.
வாடகை பாக்கியோ, வேறு விசாரணையோ என்று
மூச்சடக்கிப் போர்வைக்குள் கிடந்தேன்.
பன்னிரண்டாம் நாள் பக்கத்து அறை ஸ்லாவ்கா
சமையலறையில் என் தொப்பிகளைப் பார்த்துச் சிரித்துக் கேட்டாள்,
"ரிப்பேர்க்காரர் மூன்று தடவை வந்தாரே,
நீ ஏன் திறக்கவில்லை?"

அந்த மனிதர்
மூன்று முறை ஆமாம் என்றிருக்கிறார்.
மூன்று முறை ஆளும் அனுப்பியிருக்கிறார்.

போய் நன்றி சொன்னேன்.
தலை தூக்கவில்லை.
ஐந்தெழுத்தில் மெக்சிகோ தானியம் ஒன்று கேட்டார்.
எனக்குத் தெரியவில்லை.

சாவியை அவரிடம்தான் ஒப்படைத்துப் போகிறேன்.
ஹீட்டர் குமிழ் இடப்பக்கம் திருப்பினால் சூடு.
யாராவது தட்டினால் திற.

சிட்லாலி, பிப்ரவரி, அறை 412

பி.கு: சன்னல் மேடை டப்பாவில் உலர்ந்த மிளகாய்.
தேதி முடிந்துவிட்டது. காரம் முடியவில்லை.